ஓ.டி.யில் மஞ்சள், டி.பி.டி.யில் வெளிர் ரோஸ்: எந்தக் குளோரின் கணக்கு சரி?

கேட்டது இதுதான்: குடியிருப்பில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்பில் விழுகின்றன, வாட்ச்மேன் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார், குழாயைத் திறந்தால் வாடை அடிக்கிறது. குளோரின் பார்க்கிற ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசல் சொட்டு விட்டுப் பார்த்தால் நல்ல மஞ்சள். அதே சோதனைக்கு நீச்சல் குளத்துக்கு விற்கிற இன்னொரு மருந்தான டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் தெரிந்தும் தெரியாத ரோஸ். இதில் எது சரி? அப்புறம், பம்ப் ரூமில் அடிக்கிற நெடியையும் இதே கிட்டை வைத்து அளக்கலாமா?

இரண்டு கிட்டும் சரியாகவே சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். அவை அளந்தது ஒரே பொருளை அல்ல, அவ்வளவுதான். ஓ.டி. உங்களுக்குக் காட்டியது பெரும்பாலும் மொத்தக் குளோரின், டி.பி.டி. முதல் மாத்திரை காட்டியது அம்மோனியாவோடு சேராமல் மிச்சமிருக்கிற தனிக் குளோரின். இடையில் இருக்கிற வித்தியாசம்தான் உங்கள் சம்பைப் பற்றிய உண்மையான செய்தி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரில் இருக்கிற அளவில் குளோரினுக்கு நிறமே கிடையாது. நாம் பார்க்கிற மஞ்சளும் ரோஸும் நாம் போட்ட மருந்து ஆக்சிஜனேற்றம் அடைந்ததால் வந்த நிறம். அந்த மருந்தை ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியது எது தண்ணீரில் இருந்தாலும் நிறம் வரும், அது குளோரின்தான் என்று எந்தச் சொட்டும் சத்தியம் செய்யாது. எத்தனை வினாடியில் பார்த்தோம், தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது, பி.எச். (அமில, காரத் தன்மை) என்ன, குழாயில் வேறென்ன மிச்சம் இருந்தது என்பதெல்லாம் அந்த நிறத்துக்குள் கலந்துதான் வருகிறது.

ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் கிடைக்கின்றன. இவை இரண்டும் சேர்ந்ததுதான் தனிக் குளோரின். தண்ணீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிடும், அது கூட்டுக் குளோரின். இரண்டையும் கூட்டினால் மொத்தம். கிருமியைக் கொல்வதில் தனிக் குளோரினுக்கு இருக்கிற வேகத்தில் சிறு பங்குதான் குளோரமைனுக்கு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) கேட்பதும் தனிக் குளோரினைத்தான்: லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், வைரஸிலிருந்தும் பாதுகாப்பு வேண்டுமென்றால் 0.5. குழாயில் மஞ்சள் வந்துவிட்டது, எல்லாம் சரி என்று ரெஜிஸ்டரில் எழுதுகிறவர்கள் அந்த மஞ்சள் எந்தக் குளோரினால் வந்தது என்று பார்ப்பதே இல்லை.

ஓ.டி. என்கிற ஆர்த்தோடாலிடின் நூறு வருஷத்துக்கும் மேலான ஆள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வைத்திருப்பார்கள். சொட்டு விட்ட முதல் பத்து வினாடிக்குள் வருகிற மஞ்சள் தனிக் குளோரின், கால் மணி நேரம் கழித்துப் பார்க்கிற மஞ்சள் மொத்தம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இந்தப் பத்து வினாடிக் கணக்கு குளிர்ந்த தண்ணீருக்கானது. 20 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, முடிந்தால் ஐஸ் அளவுக்குக் குளிர வைத்துச் செய்வது நல்லது என்பது அந்த முறையின் நிபந்தனை. நம் ஊர் மொட்டைமாடி டேங்கிலிருந்து மதியம் இறங்குகிற தண்ணீரின் சூடு உங்களுக்கே தெரியும். அந்தச் சூட்டில் குளோரமைனும் அவசரமாக வினைபுரிந்து முதல் வினாடிகளிலேயே மஞ்சளில் பங்கு போட்டுவிடும். போதாததற்கு, கரைசலில் இருக்கிற அமிலத்தில் ஃபெர்ரிக் இரும்பும், ஆக்சிஜனேற்றமடைந்த மாங்கனீசும், நைட்ரைட்டும் தங்கள் பங்குக்கு மஞ்சளைத் தருகின்றன. போர் தண்ணீரில் இதில் ஏதாவது ஒன்று இருப்பது சாதாரண விஷயம். ஓ.டி. புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் இருக்கிற பொருளும்கூட. தண்ணீர்ச் சோதனை முறைகளுக்கான அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ் தொகுப்பு 1970களிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. இங்கே மலிவு என்பதாலும் பழக்கம் என்பதாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பயன்படுத்துகிறீர்கள் என்றால் சோதித்த தண்ணீரைச் சம்பிலேயே திருப்பி ஊற்றாதீர்கள், கையில் பட்டால் கழுவுங்கள். குளோரின் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது போதும், அளவு கேட்டால் நான் அதை நம்பமாட்டேன்.

டி.பி.டி. முறையைக் கொண்டுவந்தவர் ஏ. டி. பாலின் என்கிற வேதியியலாளர், 1957இல். அதன் அழகு இரண்டு படியில் இருக்கிறது. மாத்திரையில் இருக்கிற பாஸ்பேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கிற உப்பு) பி.எச்.சை 6.2 முதல் 6.5க்குள் பிடித்து வைக்கிறது. அந்த நிலையில் தனிக் குளோரின் உடனே ரோஸ் நிறம் தரும், குளோரமைன் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அதைப் படித்துக் குறித்துக்கொண்டு, அதே குப்பியில் பொட்டாசியம் அயோடைடு உள்ள மூன்றாம் நம்பர் மாத்திரையைப் போட்டால் குளோரமைன் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும், அந்த அயோடின் டி.பி.டி.யை நிறமாக்கும். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் மொத்தம். மொத்தத்திலிருந்து முதல் ரீடிங்கைக் கழித்தால் கூட்டுக் குளோரின். உங்கள் கிட்டில் மூன்றாம் நம்பர் மாத்திரை வரவில்லையென்றால் அதை வாங்குங்கள், உங்கள் கேள்விக்கான பதில் அந்த மாத்திரையில் இருக்கிறது.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பாதித் தப்பு இங்கேதான் நடக்கிறது. குழாயை இரண்டு நிமிஷமாவது ஓடவிடுங்கள். குப்பியை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு, அடியில் சில சொட்டு மட்டும் விட்டு, மாத்திரையைக் கையால் தொடாமல் ஃபாயிலிலிருந்து நேரே உள்ளே தட்டி, குச்சியால் நசுக்குங்கள். அப்புறம்தான் 10 மில்லி கோடு வரை தண்ணீர். முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு மாத்திரை கரையட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரத்தில் குளோரமைன் உள்ளே நுழைந்துவிடும். மூடி, கவிழ்த்துக் கலக்கி, ஒரு நிமிஷத்துக்குள் பார்த்துவிடுங்கள். நிறத்தட்டோடு ஒப்பிடுகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணி வைத்துப் பாருங்கள், மஞ்சள் பல்பின் கீழே வெளிர் ரோஸ் காணாமல் போய்விடும். நிறத்தை ஒளி விட்டு அளக்கிற போட்டோமீட்டர் கருவி என்றால், மருந்து போடாத அதே தண்ணீரை வைத்துப் பூஜ்யம் செட் செய்யுங்கள், வாங்கி வைத்த டிஸ்டில்டு வாட்டரை வைத்து அல்ல, அப்போதுதான் தண்ணீரின் சொந்தக் கலங்கலும் நிறமும் கழிந்துபோகும். குப்பியின் வெளியே விரல் ரேகை, உள்ளே ஒட்டிய குமிழி, இரண்டுமே கருவிக்குக் குளோரின்தான். 515 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு குறைந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

மூன்றாம் மாத்திரை போட்ட குப்பியைச் சும்மா குலுக்கி ஊற்றிவிட்டு அடுத்த தண்ணீருக்கு முதல் மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர். சுவரில் ஒட்டிய அயோடைடு ஒரு துளி போதும், அடுத்த ரீடிங்கில் தனிக் குளோரின் பொய்யாக ஏறிவிடும். முடிந்தால் மொத்தத்துக்குத் தனிக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி இதைவிட ஆபத்தானது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. நிறமே காட்டாது. பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்த டி.பி.டி.தான் ரோஸ், முழுதாக அடைந்தால் நிறமற்ற இமைன் ஆகிவிடுகிறது. கிணற்றிலோ டேங்கிலோ தாராளமாகப் பவுடர் கொட்டிவிட்டு, டி.பி.டி. போட்டு, 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டி இன்னும் ஒரு கிலோ கொட்டுவது இப்படித்தான் நடக்கிறது. அடையாளம் ஒன்று உண்டு. மாத்திரை கரையும்போது அடியில் ஒரு நொடி ரோஸ் பளிச்சென்று வந்து மறையும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு தண்ணீரோடு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து மறுபடி பாருங்கள். இப்போது அடர்ந்த ரோஸ் வந்தால் விஷயம் தெரிந்துவிட்டது, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மாங்கனீசு டி.பி.டி.யையும் விட்டுவைக்காது. போர் தண்ணீரில் கரைந்திருக்கிற மாங்கனீசைக் குளோரினே ஆக்சிஜனேற்றம் செய்து பழுப்பாக்கும், அந்தப் பழுப்பு டி.பி.டி.யை ரோஸாக்கும். ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இன்னொரு குப்பியில் முதலில் அயோடைடும் ஆர்சனைட்டும் விட்டுக் குளோரினைக் கொன்றுவிட்டு, பிறகு டி.பி.டி. சேர்த்தால் வருவது மாங்கனீசின் நிறம் மட்டும், அதைக் கழித்துவிடலாம். ஆர்சனைட் விஷம், வீட்டில் வேண்டாம். வீட்டில் செய்யக்கூடியது வேறு. சம்புக்கு வருமுன், குளோரின் எதுவும் போடாத போர் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் போலவோ அடியில் கருப்பு பழுப்பு வண்டலோ தெரிந்தால் இரும்பும் மாங்கனீசும் சோதிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குளோரின் அளவுக்காகத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்புவது வீண்வேலை. வழியிலேயே, அதுவும் வெயிலில், இறங்கிப் போய்விடும். அதைவிட மோசம், கிருமிச் சோதனைக்குக் கொடுக்கிற ஸ்டெரைல் பாட்டிலில் பிடித்து அதிலேயே குளோரினையும் பார்க்கச் சொல்வது. அந்தப் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டுத்தான் தருவார்கள், போகிற வழியில் குளோரின் கிருமியைக் கொன்று ரிசல்ட்டை நல்லதாக்கிவிடக் கூடாது என்பதற்காக. அதில் எப்போது பார்த்தாலும் குளோரின் பூஜ்யம்தான். குளோரின் குழாயடியிலேயே பார்க்க வேண்டிய விஷயம்.

கிட் சொல்கிற எண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல தந்திரம். குளோரினில் ஸ்டாண்டர்ட் கரைசல் (அளவு முன்பே தெரிந்த கரைசல்) தயாரித்து வைத்தால் நிலைக்காது. அதனால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்து ஏமாற்றுவார்கள். 0.891 கிராம் பெர்மாங்கனேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் அது டி.பி.டி.க்கு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குளோரின் மாதிரி. எப்படி அந்த எண்? பெர்மாங்கனேட்டின் சமான எடை (ஒரு எலக்ட்ரானுக்கு வருகிற எடை) அதன் மூலக்கூறு எடை 158-ஐ 5ஆல் வகுத்த 31.6, குளோரினுடையது 35.45, ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். அதில் 10 மில்லி எடுத்து 100 ஆக்கி, அதிலிருந்து 1 மில்லியை மறுபடி 100 ஆக்கினால் லிட்டருக்குச் சரியாக 1 மில்லிகிராமுக்குச் சமம். கல்லூரி லேப் தெரிந்தவர் யாராவது உங்கள் பிளாக்கில் இருந்தால் அரை மணி நேர வேலை.

இப்போது உங்கள் சம்ப். மூன்றாம் மாத்திரைக்குப் பிறகு ரோஸ் நன்றாக ஏறினால் தண்ணீரில் அம்மோனியா இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சொல்கிற 'ப்ளீச்சிங் வாடை'யும் அதோடு பொருந்துகிறது. கண்ணை எரிக்கிற அந்த வாடை தனிக் குளோரினைவிட டைகுளோரமைன், டிரைகுளோரமைன் என்கிற குளோரமைன் வகைகளிலிருந்துதான் அதிகம் வரும். வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைத்துப் பவுடரைக் குறைப்பார்கள், நிலைமை இன்னும் கெடும். அம்மோனியா இருக்கிற தண்ணீரில் குளோரின் போடப் போட முதலில் மொத்த ரீடிங் ஏறும், பிறகு போடுகிறபோதே இறங்கும், ஒரு அடிமட்டத்தைத் தொட்ட பிறகுதான் தனிக் குளோரின் தலைகாட்டும். அந்த அடிமட்டத்துக்குப் பிரேக்பாயின்ட் என்று பெயர். கணக்குப்படி ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனுக்கு 7.6 பங்கு குளோரின், நடைமுறையில் பத்துப் பங்கு வரை தின்னும். அதுவரை போடுவதெல்லாம் அம்மோனியாவுக்குப் படையல். ஆனால் அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, அம்மோனியா எங்கிருந்து வந்தது? சம்ப் சுவரில் விரிசல், பக்கத்தில் செப்டிக் டேங்க் அல்லது கழிவுநீர்க் குழாய், அல்லது லாரி நிரப்பிய கிணறு. என்னைக் கேட்டால் குளோரின் கிட்டின் மிகப் பெரிய பயன் இதுதான், சாக்கடை உள்ளே வருகிறது என்று முதலில் சொல்கிற சாதனம் அது. நிறையப் பேர் அதை வெறும் டோஸ் பார்க்கிற குச்சியாக மட்டும் வைத்திருக்கிறார்கள்.

ட்ரேஸ் அளவு, அதாவது மிகச் சிறிய அளவு, எங்கே உயிர் விஷயம் ஆகிறது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், டயாலிசிஸ். அங்கே தண்ணீரிலிருந்து குளோரினை எடுக்கிற கார்பன் டேங்குக்குப் பிறகு மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குளோரமைன் ரத்தத்தில் நேரே கலந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். தண்ணீரைக் குடிப்பவருக்குக் குடல் இருக்கிறது, டயாலிசிஸ் நோயாளிக்கு நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான். ஆகவே ஷிஃப்ட் தொடங்குமுன் மொத்தம் பார்க்கிறார்கள், தனிக் குளோரின் மட்டும் பார்த்தால் அங்கே எதற்கும் உதவாது. 0.1-ஐ நிறத்தட்டை வைத்துக் கண்ணால் பிரிப்பது சூதாட்டம். போட்டோமீட்டரோ, அந்தக் குறைந்த அளவுக்கென்றே செய்த ஸ்ட்ரிப்போ வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இன்னும் கீழே போக வேண்டுமென்றால் 1 சென்டிமீட்டர் குப்பிக்குப் பதில் 5 சென்டிமீட்டர் குப்பி வைப்பார்கள், ஒளி கடக்கிற தூரம் ஐந்து மடங்கானால் அதே வெளிர் நிறம் ஐந்து மடங்கு தெரியும்.

சரி, பம்ப் ரூம் காற்று. அதே கிட் நேரடியாக உதவாது. காற்றில் இருப்பதை முதலில் ஒரு திரவத்தில் பிடிக்க வேண்டும், வெறும் தண்ணீரில் குமிழி விட்டால் பிடித்ததில் ஒரு பகுதியைப் பின்னால் வருகிற காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். டி.பி.டி. நிறமோ நிமிஷக் கணக்கில் மாறுவது, கால் மணி நேரம் குமிழி விட்டுக்கொண்டிருக்க அது தாங்காது. இதற்குப் பழைய ஆய்வுக்கூட முறை மெத்தில் ஆரஞ்சு என்கிற சாயம். அமிலமாக்கிய மிக நீர்த்த மெத்தில் ஆரஞ்சுக் கரைசல் சிவப்பாக இருக்கும், குளோரின் பட்டால் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை 505 நானோமீட்டரில் படிப்பார்கள். ஒருமுறை வெளுத்தது திரும்பாது, அதனால் அவசரமில்லை. நிறம் வருவதை அளக்காமல் போவதை அளக்கிற முறை என்பதால், குமிழி விடாத கரைசலைக் கூடவே வைத்து ஒப்பிட்டே ஆக வேண்டும். நைட்ரஜன் டைஆக்சைடு இருந்தால் எண் ஏறும், சல்பர் டைஆக்சைடு இருந்தால் இறங்கும். டீசல் ஜெனரேட்டர் ஓடுகிற அறையில் செய்துவிட்டுக் குளோரின் என்று எழுதக்கூடாது. ரப்பர் ட்யூப் வைத்து உறிஞ்சினால் பாதிக் குளோரினை ட்யூபே தின்றுவிடும், கண்ணாடியோ டெஃப்லானோ வேண்டும்.

இது நடக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின் என்பது 25 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 2.9 மில்லிகிராம். வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற அமெரிக்காவின் நயோஷ் அமைப்பு 15 நிமிஷத்துக்கு வைத்திருக்கிற உச்ச வரம்பு 0.5 பிபிஎம், அதாவது 1.45 மில்லிகிராம். நிமிஷத்துக்கு 1 லிட்டர் வீதம் 15 நிமிஷம் உறிஞ்சினால் 15 லிட்டர் காற்று, அதில் சுமார் 22 மைக்ரோகிராம் குளோரின். 10 மில்லி கரைசலில் பிடித்தால் லிட்டருக்கு 2.2 மில்லிகிராம், தாராளமாகத் தெரியும். 0.1 பிபிஎம்முக்கு 0.4 மில்லிகிராம்தான் வரும், கருவி இருந்தால் முடியும். பம்பின் வேகம் பத்து சதவீதம் தப்பினால் விடையும் அதே பத்து சதவீதம் தப்பும் என்பதால், காற்றுச் சோதனையில் நிறத்தைவிட ஃப்ளோமீட்டர்தான் அதிகம் கவனிக்க வேண்டியது.

உங்கள் தேவைக்கு இவ்வளவும் வேண்டாம். டிடெக்டர் ட்யூப் என்று கிடைக்கிறது, கண்ணாடிக் குழாயின் இரண்டு முனையையும் உடைத்து, கைப்பம்பில் எண்ணி இழுத்தால் உள்ளே நிறம் எதுவரை மாறியது என்று குழாயிலேயே எழுதிய அளவில் படிக்கலாம். துல்லியம் சுமாராகத்தான் இருக்கும், உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போதும். உறிஞ்சுகிற முனையைத் தரைக்குப் பக்கத்தில் ஒரு தடவை, மூக்கு உயரத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள், குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், கீழே தங்கும். குளோரின் சிலிண்டர் வைத்திருக்கிற நீரேற்று நிலையங்களில் கசிவு தேட இதைவிட எளிய வழி உண்டு. அம்மோனியாக் கரைசல் பாட்டிலின் வாயிலிருந்து வருகிற ஆவியை வால்வு, ஜாயின்ட் பக்கம் காட்டுவார்கள். கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும், அது அம்மோனியம் குளோரைடு. ஆவியை மட்டும்தான் காட்ட வேண்டும், கரைசலை வால்வில் ஊற்றினால் பித்தளை அரிக்கும். மூக்கை நம்பாதீர்கள். உள்ளே கொஞ்ச நேரம் நின்றால் வாடை பழகி, குறைந்துவிட்டது போலத் தோன்றும்.

உங்கள் பம்ப் ரூமில் சிலிண்டர் இல்லை, பவுடர் மூட்டைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ட்யூப் வாங்குமுன் மூட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஈரத் தரையில், வாய் திறந்து, பக்கத்தில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கேன் இருந்தால் அதை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள், இரண்டும் ஒரு குவளையில் கலந்தால் வருவது சுத்தமான குளோரின் வாயு. மூட்டை பழசாகப் பழசாகச் சத்தும் போகும். புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை இருக்கிற குளோரின் இப்படி வைத்தால் மாதக்கணக்கில் பாதியாகக்கூட இறங்கும், அந்தப் போனதுதான் நீங்கள் முகர்வது.

நாளைக்குக் காலையில் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், சம்ப், கடைசி மாடிக் குழாய் என்று நான்கு இடத்திலும் முதல் மாத்திரை, மூன்றாம் மாத்திரை இரண்டு ரீடிங்கும் எடுத்து இங்கேயே போடுங்கள். லாரித் தண்ணீரிலேயே கூட்டுக் குளோரின் இருந்தால் பிரச்சினை லாரிக்காரரிடம். லாரியில் இல்லாமல் சம்பில் மட்டும் ஏறியிருந்தால் பவுடர் டோஸைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் அம்மோனியா உண்டா என்று சோதிக்கக் கொடுங்கள் (குளோரின் போடாத தண்ணீரில் அம்மோனியா இருந்தாலும் கூட்டுக் குளோரின் காட்டாது), கூடவே சம்பைக் காலி செய்து சுவரைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள், அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் பல் தேய்க்கவும் எடுக்க வேண்டாம்.